விசில் ஏந்த வாருங்கள்

ஆடுகளத்தை விட்டு விலகிய றகர் வீரர்களே!

நியூசிலாந்து வீரர் கிளென் ஜாக்சன், இங்கிலாந்தின் சரசென்ஸ் கழகத்துக்கு ஆடியவர். 2010இல் ஆட்டத்தினின்றும் ஓய்ந்தார். ஆயினும் வீட்டில் முடங்கினாரல்லர். மத்தியஸ்தராகி, 2015ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியிலும் விசில் ஊதினார்.

பந்தின்மேல் பலர் விழுந்து குவிந்திருக்கையில், எவன் கை சட்டத்தை மீறுகிறது? அக்குவியலின் அடியில் நசுங்கிக் கிடந்தவனுக்கே அது விரைவிற் புலப்படும். அந்த அறிவை வீணே துருப்பிடிக்க விடலாமா? சட்டப் புத்தகத்தை மட்டும் புதிதாகக் கற்கவேண்டும். ஆடியவனுக்கெல்லாம் சட்டம் தெரியுமென்பது வெறும் மயக்கம். யானும் அம்மயக்கத்தில் இருந்தவனே!

வசைமொழி கேட்க நேருமே என அஞ்சுகிறீர்களா? நேற்றுவரை மத்தியஸ்தரை வைதவர்கள் நாமல்லவா? முப்பது பேர் ஆடத் துடித்து நின்றாலும், மத்தியஸ்தர் வராவிடில் ஆட்டமில்லை. அடுத்த பருவத்துக்குமுன் பெயரைப் பதியுங்கள்; சிறுவர் ஆட்டமொன்றிலே தொடங்குங்கள்.