மின்தூண்டல் வெப்பம்: சிறுதொழிலுக்கு ஆதாயமா?

(அம்பர்நாத்தில் தமிழ் பேசும் சிறுதொழில் முனைவோரிடையே நிகழ்த்திய உரை)



1060-ஆம் ஆண்டில் எழுந்த சிவாலயத்தால் பழம்புகழ் பெற்ற அம்பர்நாத், இன்று இரசாயன, பொறியியல் தொழில்களாலும் அறியப்படுகிறது. இங்குள்ள ஆலைகள் பலவற்றுக்கு வெந்நீரும் சூடேற்றிய எண்ணெயும் அன்றாடத் தேவைகள். கொதிகலனுக்குப் பதிலாக மின்தூண்டல் முறையில் திரவங்களைச் சூடாக்கலாமா என்று உங்களில் பலர் வினவுகின்றீர்கள். நான் பொருளாதாரம் பயின்றவன், பொறியாளன் அல்லன். ஆயினும், கருவி இயங்கும் விதத்தை அறியாமல் அதன் ஆதாயத்தைக் கணக்கிட இயலாது.

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டலே இதன் அடிப்படை. திரவம் ஓடும் எஃகுக் குழாயைச் சுற்றியுள்ள சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது, குழாயின் சுவரில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. சுவர் சூடேறித் தன் வெப்பத்தைத் திரவத்துக்கு அளிக்கிறது.

நமக்குக் கிடைக்கும் மின்சாரத்தின் அதிர்வெண் விநாடிக்கு 50 சுற்றுகள். இதனை நேர்மின்னோட்டமாக்கி, பின்னர் ஐ.ஜி.பி.டி. போன்ற குறைகடத்திகளின் வாயிலாக 20,000 சுற்றுகள் அளவுக்கு உயர்த்துவது இன்வர்ட்டரின் பணி. சுருளும் மின்தேக்கியும் இணைந்து, ஊஞ்சலைப் போலத் தமக்கே உரிய ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிர்கின்றன. மின்னோட்டமோ மின்னழுத்தமோ சுழியை எட்டும் நொடியில் குறைகடத்தி திறந்து மூடினால் இழப்பு குறையும். குழாய் சூடேறும்போது இந்த அதிர்வெண் சற்றே மாறும். கட்டுப்பாட்டுச் சாதனம் அதனைப் பின்தொடர வேண்டும்.

சுருளின் அமைப்பும் அதே அளவு முக்கியமானது. 50 சுற்றில் செம்பினுள் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் ஆழம்வரை பரவும் மின்னோட்டம், 20,000 சுற்றில் அரை மில்லிமீட்டருக்குள் ஒதுங்கிவிடுகிறது. எனவே தடித்த கம்பியால் பயனில்லை. தனித்தனியே காப்பிட்ட மெல்லிய இழைகளைத் திரித்த கம்பியே ஏற்றது. சுருள் குழாயை நெருங்கியிருக்க வேண்டும். ஆனால் இடையில் வெப்பக் காப்பும் இருத்தல் வேண்டும். காந்தத் தன்மையுள்ள சாதாரண எஃகு, காந்தத் தன்மையற்ற துருப்பிடிக்கா எஃகைவிட எளிதில் சூடேறும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 1,000 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 80 பாகை செல்சியசுக்கு உயர்த்த 50,000 கிலோ கலோரி தேவை. ஒரு யூனிட் மின்சாரம் தருவது 860 கிலோ கலோரி. ஆகவே இழப்பே இல்லையெனினும் 58 யூனிட் வேண்டும். இன்வர்ட்டரிலும் சுருளிலும் பத்தில் ஒரு பங்கு வீணாவதாகக் கொண்டால் 65 யூனிட் ஆகும். நீரில் மூழ்கும் சாதாரண மின்சூடேற்றியும் தான் பெறும் மின்சாரம் முழுவதையும் ஏறத்தாழ வெப்பமாகவே தருகிறது. எனவே அதனைவிடத் தூண்டல் முறையில் மின்செலவு பாதியாகும் என்ற விளம்பரம் இயற்கை விதிக்கே முரணானது.

கிலோவுக்கு 10,000 கிலோ கலோரி தரும் எரியெண்ணெயை 80 விழுக்காடு திறனில் எரித்தால் இவ்வேலைக்கு 6.25 கிலோ போதும். நீண்ட நீராவிக் குழாய்களாலும் குறைந்த சுமையாலும் அத்திறன் 40 விழுக்காடாகச் சரிந்தால் 12.5 கிலோ தேவைப்படும். முதல் நிலையிலுள்ள ஆலை, கொதிகலனைக் கைவிடுமுன் பலமுறை சிந்திக்க வேண்டும். இரண்டாம் நிலையிலுள்ள ஆலைக்கோ, முதலில் குழாய்க் காப்பைச் செப்பனிடுவதே மலிவான வழி. அதன் பின்னரும் இழப்பு நீடித்தால் தூண்டல் முறையை ஆராயலாம்.

கொதிகலனுக்குத் தொலைவில், இடைவிட்டுச் சிறிதளவு வெப்பம் தேவைப்படும் இடங்களுக்கும், வெப்பநிலையை நுட்பமாகக் கட்டுப்படுத்த வேண்டிய எண்ணெய்களுக்கும் இம்முறை பொருந்தும். எனினும் பம்பு நின்றால் மின்சாரம் தானே துண்டிக்கப்பட வேண்டும். இல்லையேல் குழாய்ச் சுவரை ஒட்டிய எண்ணெய் கருகிவிடும்.

ஆகவே, கடன் வாங்கிக் கருவி வாங்குமுன் ஒரு மாத எரிபொருட் செலவை அளந்து வையுங்கள். மேற்கண்ட 65 யூனிட்டை ஒரு மணி நேரத்தில் செலவிட 65 கிலோவாட் சுமை தேவை என்பதையும், அதற்குரிய நிலைக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். விற்பனையாளரிடம், அளந்த நீர், வெப்பமானி, மின்மீட்டர் ஆகிய மூன்றையும் வைத்து உங்கள் கண்முன்னே சோதனை நடத்தக் கேளுங்கள். அச்சோதனையில் தேறும் கருவியே உங்கள் முதலீட்டுக்கு உரியது.