பொன்வண்டின் சிறகு தைத்த கவுன்

தீப்பெட்டிக்குள் இலை போட்டுப் பிள்ளைகள் வளர்க்கும் பொன்வண்டை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். வண்டு செத்து நூறாண்டு ஆனாலும் அதன் மேல்சிறகின் பச்சை மங்காது. அது சாயமல்ல, சிறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கும் நிறம். 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலும் ஹைதராபாத்திலும் மஸ்லின் துணியில் ஜரிகையோடு இந்தச் சிறகுகளையும் வைத்துத் தைத்தார்கள். ஐரோப்பியப் பெண்களுக்கு அந்தத் துணியில் கவுன் தைத்துக்கொள்வதில் பெரிய மோகம். 

சிறகு தைத்த கவுன்களில் பேர்போனது லண்டன் நடிகை எலன் டெரியினுடையது. 1888இல் லைசியம் அரங்கில் லேடி மேக்பெத்தாக அவர் அணிந்தது. குரோஷா பின்னலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டுச் சிறகுகள். மறு ஆண்டே ஓவியர் சார்ஜென்ட் அவரை அதே உடையில் தீட்டினார். டெரி அந்த உடையைத் திரும்பத் திரும்ப அணிந்தார். ஒவ்வொரு முறையும் எதையாவது மாற்றித் தைத்தார்கள். கடைசியில் கைப்பகுதி எது, கீழ்விளிம்பு எது என்றே புரியாத நிலை.

பிரைட்டனில் பழந்துணிப் பாதுகாப்பு நிபுணர் ஸென்ஸி டிங்கரின் குழு அதைச் சீராக்க 1,300 மணி நேரம் உழைத்தது. முதல் சவால் ஊசி வேலை அல்ல, துணியைப் படிப்பது. எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று கண்டறிந்த பிறகுதான் கைகளின் பழைய வடிவமும், தரையில் புரளும் விளிம்பும் மீண்டன. உடைந்த சிறகுகளுக்குக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் அடியில் ஜப்பானியத் தாள் ஒட்டித் தாங்கு கொடுத்தார்கள். 2011இல் கவுன் கென்ட்டில் டெரி வாழ்ந்த வீட்டில் மீண்டும் காட்சிக்கு வந்தது. புதுச் சிறகுகளைத் தைத்துப் பளபளப்பாக்குவது எளிதாக இருந்திருக்கும். உடைந்ததையும் விடாமல் ஒட்டியதுதான் அந்த வேலையின் உயர்வு.

பழைய உடையின் வயதைத் தையலே சொல்லும். நீண்ட தையல்கள் முழுவதும் கையால் போட்டவை என்றால், தையல் இயந்திரம் பரவிய 1850களுக்கு முந்தையதாக இருக்கலாம். செயற்கை ஊதாச் சாயம் 1856க்குப் பிறகே வந்தது. ஜிப் இருந்தால் பெரும்பாலும் 1930களுக்குப் பிந்தையது. ஆனால் ஜிப்புக்குப் பக்கத்தில் பழைய கொக்கிகளின் ஊசித்துளைகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஜிப் பின்னால் சேர்ந்ததாகவும் இருக்கலாம்.

பழைய பட்டு கவுன்கள் மடிப்பிலேயே கீறிப்போவதற்கு வயது மட்டும் காரணமல்ல. பிசின் நீக்கிய பட்டு எடை குறையும். அதை ஈடுகட்ட ஐரோப்பிய ஆலைகள் தகர உப்பை ஏற்றின. அந்த உப்பே காலப்போக்கில் இழையை முறித்தது. இத்தகைய துணியில் நெருக்கித் தைத்தால் ஒவ்வொரு ஊசித்துளையும் புதுக் கிழிசலாகும். அடியில் நிறம் பொருந்திய மெல்லிய பட்டுத் துணியை வைத்து, நல்ல இழைகள் உள்ள இடத்தில் மட்டும் தளர்வாகப் பிடிப்பதே முறை.

நம் ஊர் ரஃபூக்காரர்களின் வழி வேறு. அந்தத் துணியின் உள்விளிம்பிலிருந்தே இழை உருவி, ஓட்டையில் பாவும் ஊடையுமாக ஊசியால் நெய்து, கிழிசல் இருந்த சுவடே தெரியாமல் செய்வார்கள். மீண்டும் உடுத்தப்போகும் காஞ்சிபுரம் புடவைக்கு இதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. பாதுகாத்து வைக்க வேண்டிய உடைக்கு மட்டும், பிற்பாடு பிரித்தெடுக்கக்கூடிய தாங்குத் துணியே மேல்.

கறுத்த ஜரிகையைத் தேய்க்கவே வேண்டாம். வெள்ளிக் கம்பியின் மேல் இருக்கும் தங்க முலாம் போய்விடும். வெளுக்காத பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். பாச்சை உருண்டை ஜரிகையைத் தொடக் கூடாது.