நன்றி என்பது கணக்கு வைப்பதே

ஊழலை எதிர்த்துப் போராடுவோருக்கு உணவளிப்பவர் யார் என்பது அரசியல் கேள்வி.

1996-இல் ராஜஸ்தானின் பியாவர் நகரில், அரசுச் செலவுக் கணக்கைப் பார்க்கும் உரிமை கோரி மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 40 நாட்கள் தர்ணா நடத்தியது. கிராம மக்கள் தானியம் அளித்தனர்; காய்கறி வியாபாரிகள் காய்கறி தந்தனர்; தொழிற்சங்கங்கள் துணை நின்றன. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்திற்கு அப்போராட்டமும் வழிகோலியது. அந்த உழைப்பாளி மக்களுக்கு நம் நன்றி உரியது.

தேர்தல் பத்திரத்திலோ, கொடுத்தவர் பெயர் மக்களுக்கு மறைக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது.

உண்டியல் ஏந்தும் நாமும், பெற்ற ஒவ்வொரு ரூபாய்க்கும் மக்களிடம் கணக்கு ஒப்படைப்போம். அதுவே கொடுத்தவருக்கு நாம் செலுத்தும் நன்றி.