எண்ணெய் கெட்டதைக் கண்டுபிடிக்கும் விதம்



எண்ணெய் காறிவிட்டதா என்று அறிய நாம் இன்னமும் மூக்கைத்தான் நம்பியிருக்கிறோம். மூக்கு பொய் சொல்லுவதில்லை. ஆனால் காலந்தாழ்ந்து வரும் சாட்சி அது. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் உள்ள லினோலிக் அமிலம் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து முதலில் ஹைட்ரோபெராக்சைடாக மாறுகிறது. இதற்கு வாடை கிடையாது. இது உடைந்து ஆல்டிஹைடுகள் உண்டான பிறகே சிக்கு வாடை வீசும்.

அப்படியானால் அந்த ஹைட்ரோபெராக்சைடை அளந்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். அயோடினைக் கொண்டு அதன் மொத்தத்தைக் கணக்கிடுவது பழைய வழக்கந்தான். ஆனால் சங்கதி என்னவென்றால், அந்தக் கணக்கு ஏறுவதுபோலவே பின்னால் இறங்கவும் செய்யும். ஆகவே படு மோசமாய்க் கெட்ட எண்ணெயும் சிறிய எண்ணைக் காட்டி யோக்கியன்போல் நடிக்கக் கூடும்.

இங்கேதான் திரவ குரோமட்டோகிராபி என்னும் முறை வேண்டியிருக்கிறது. வார்சாவிலிருந்த மிகாயில் ஸ்வெட் என்ற ருஷிய தாவர சாஸ்திரி, சீமைச்சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இலைச் சாற்றை இறக்கி, அதன் நிறங்கள் தனித்தனி வளையங்களாகப் பிரிவதை 1906-இல் எழுதி வெளியிட்டார். பெரும் பண்டிதர்கள் அதை லட்சியம் செய்யவில்லை. (எந்த நாட்டில்தான் செய்தார்கள்!) 1931-இல் ஹைடல்பர்க்கில் கூனும் லெடரரும் எடுத்தாண்ட பிறகே அதற்கு மரியாதை வந்தது. இன்று நுண்ணிய தூள் அடைத்த எஃகுக் குழாயில் பம்பின் அழுத்தத்தால் திரவத்தைச் செலுத்துகிறார்கள். தூளில் அதிகம் ஒட்டுவது பிந்தி வரும். ஒட்டாதது முந்தி வரும்.

இதனால் என்ன தெரிகிறது? காற்றினால் மட்டும் தானாகக் காறினால் ஆக்ஸிஜன் லினோலிக் அமிலத்தின் 9-ஆம், 13-ஆம் கரியணுக்களில் சேருகிறது. எண்ணெயில் பச்சையம் கலந்திருந்து வெளிச்சமும் பட்டால் 10-இலும் 12-இலுங்கூடச் சேருகிறது. நான்கும் ஒரே எடையுள்ளவை. ஆயினும் குழாய் இவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். புட்டியை வெயிலில் வைத்த வியாபாரி கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தாலும் 10-உம் 12-உம் அவனைக் காட்டிக்கொடுக்கும்.

திரும்பத் திரும்பக் காய்ச்சிய பலகாரக் கடை எண்ணெயில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து பருத்துப் போகின்றன. துளைகளுள்ள மணிகள் அடைத்த குழாயில் இவை துளைக்குள் நுழைய முடியாமல் முதலில் வந்துவிடுகின்றன. இந்தியாவில் 2018 ஜூலை 1 முதல், மொத்த துருவப் பொருள்கள் நூற்றுக்கு 25-க்கு மேற்பட்ட எண்ணெயில் பொரிக்கக் கூடாதென்பது சட்டம். அந்த 25-ஐக் காண்பதற்கு ஆதாரமான சோதனையும், சிலிக்கா தூள் அடைத்த ஒரு குழாய்தான்.