திருமணி முதல் சானடோரியம் வரை



உலக எய்ட்ஸ் நாள் என்று நோட்டீஸில் போட்டால் யாரும் வரமாட்டார்கள், தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களோ என்று தயங்குவார்கள் என அமைப்பாளர்கள் பயந்தார்கள். கடைசி வரிசை வரைக்கும் நாற்காலி நிரம்பியிருக்கிறது. அதற்கே உங்களுக்கு ஒரு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

நோயோடு நிமிர்ந்து வாழ்வது பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்த அரங்கில் பலருடைய பையில் இப்போது மாத்திரை இருக்கும். சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, தைராய்டுக்கு. அதை நாம் ஒளிப்பதில்லை. டீக்கடையில் "எனக்குச் சக்கரை போடாதேப்பா, சுகர் இருக்கு" என்று நாலு பேர் காதில் விழச் சொல்கிறோம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் "உங்களுக்கு எவ்வளவு இருக்கு?" என்று விசாரிக்கிறோம். தினம் மாத்திரை, ஆயுள் முழுக்க மாத்திரை. எச்.ஐ.வி.யும் இன்று அப்படி ஒரு நோயாகிவிட்டது. ஆனால் அந்த மாத்திரையைப் போட ஒருவர் கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறார். அந்தத் தாழ்ப்பாளைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

நம்முடைய ரயில் பாதையிலிருந்து தொடங்குகிறேன். மறைமலை நகரில் இருக்கும் நமக்குத் தெற்கே செங்கல்பட்டு. அதை ஒட்டித் திருமணி. அங்கே இருப்பது மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம். வடக்கே கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர் எல்லாம் தாண்டி, தாம்பரமும் தாண்டினால், சானடோரியம். ஒரு மருத்துவமனையின் பெயரிலேயே ஸ்டேஷன். தொழுநோயாளியை ஊர் விரட்டியபோது தெற்கு முனை இடம் கொடுத்தது. காசநோயாளியை வீடு ஒதுக்கியபோது வடக்கு முனை இடம் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில், ஒரு வேலைக்கார ஊராக, நம் மறைமலை நகர் இருக்கிறது. நூறாண்டு வாழும் வழியைப் பற்றியே நூல் எழுதிய மறைமலை அடிகளாரின் பெயரைத் தாங்கிய ஊர்.

திருமணியில் 1947இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது அதன் பெயர் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. அங்கே ராபர்ட் காக்ரேன் என்ற பெரிய மருத்துவர் இருந்தார். அவரைப் பார்க்க வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்ற எலும்பு அறுவை மருத்துவர் வந்தார். வெள்ளைக்காரர்தான், ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில். தோட்டத்தில் இரண்டு பேரும் நடந்து போகிறார்கள். வழியெல்லாம் நோயாளிகள். விரல்கள் மடங்கி, கொக்கிபோல் இறுகிப்போன கைகள். "இத்தனை கைகள் இப்படி ஆகியிருக்கின்றனவே, இதற்கு என்ன செய்கிறீர்கள்?" என்று பிராண்ட் கேட்கிறார். காக்ரேன் தோல் மருத்துவர். எலும்பு பார்க்கிறவர் நீங்கள், நீங்கள்தானே சொல்ல வேண்டும் என்று திருப்பிக் கேட்கிறார். தொழுநோயாளியின் கையைச் சீராக்க அதுவரை எந்த எலும்பு மருத்துவரும் முன்வந்ததில்லை என்றும் சொல்கிறார்.

பிராண்ட் ஒரு நோயாளியிடம் போகிறார். தன் கையை அந்த மடங்கிய விரல்களுக்குள் நுழைக்கிறார். முடிந்த மட்டும் அழுத்தச் சொல்கிறார். செத்துப்போன கை என்றுதான் அவர் நினைத்திருந்தார். அந்த மனிதர் அழுத்திய அழுத்தில் பிராண்டுக்கு வலி தாங்கவில்லை. கைக்குள் அத்தனை பலம் இருந்தது! விரலை நீட்டும் தசைகள் சில மட்டும்தான் செயலிழந்திருந்தன. மற்றவை உயிரோடு இருந்தன. உயிருள்ள தசையின் நாணை எடுத்து, இழந்த தசையின் வேலைக்குப் பொருத்தலாம் என்று அவருக்கு அங்கேயே பட்டது. அடுத்த ஆண்டு வேலூரில் அறுவைச் சிகிச்சைகள் தொடங்கின. பிறகு உலகம் முழுவதும் அந்த முறை போனது.

நண்பர்களே, அந்தத் தோட்டத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் கையில் பலம் இருந்தது அதற்கு முந்தின நாளும்தான், அதற்கு முந்தின வருஷமும்தான். யாரும் தொடவில்லை. தொடாததால் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கே அது தெரிந்திருக்குமா என்று நான் யோசித்திருக்கிறேன்.

கதை இத்தோடு முடியவில்லை. அறுவை முடிந்து விரல் நீண்டது. புண் ஆறியது. வீட்டுக்கு அனுப்பினார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். டாக்டர், முன்பு கையை நீட்டினால் பிச்சையாவது விழுந்தது, இப்போது கை நன்றாக இருப்பதால் பிச்சையும் இல்லை, நோயாளி என்பதால் வேலையும் இல்லை என்றார்கள். பிராண்ட் இதை மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் வேலூரில் நவஜீவ நிலையம் வந்தது. தச்சு வேலை கற்றார்கள். பொம்மை செய்தார்கள். தன் உளியால் செதுக்கிய ஒரு மரப் பொம்மையை இன்னொருவர் காசு கொடுத்து வாங்கும்போதுதான் அந்த மனிதர் முழுசாகக் குணமானார் என்று நான் சொல்வேன்.

உடம்பை மருந்து மீட்டுக் கொடுக்கும். தைரியத்தை மீட்டுக் கொடுப்பது பக்கத்தில் இருக்கிறவர்கள். நோயாளியிடம் போய் "தைரியமாக இருங்கள், தன்னம்பிக்கையோடு இருங்கள்" என்று வாயால் சொல்லிவிட்டு, நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். வேலை தராமல், வீடு தராமல், தட்டில் சோறு போட்டுத் தராமல், தைரியத்தை மட்டும் அவரே எங்கிருந்தோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

இப்போது வடக்கே வருவோம். 1928இல் தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கியவர் டாக்டர் சௌரிமுத்து. அவர் அதற்குமுன் இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் காச மருத்துவமனை நடத்தியவர். 1914இல் 'நெவாசா' கப்பலில் நம் கணித மேதை ராமானுஜன் லண்டன் போனபோது அதே கப்பலில் போனவர். 1917இல் காசம் என்று கருதப்பட்ட நோயோடு ராமானுஜன் படுத்தபோது மெண்டிப்பில் அவரே சிகிச்சை தந்தார். ராமானுஜன் அப்போது மனமும் ஒடிந்திருந்தார். 1918இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. உடம்பு தேறவில்லை, ஆனாலும் கணக்கு திரும்பி வந்தது. 1920இல், சாவதற்குச் சில மாதம் முன்பு, கும்பகோணத்து அந்த இளைஞர் சென்னையில் படுக்கையிலிருந்தபடி இங்கிலாந்துக் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் இருந்த கணக்கை இன்றும் உலகம் ஆராய்கிறது. உன் வேலைக்கு மதிப்பு உண்டு என்று நாலு பேர் சொன்னது, நோயில் கிடந்தவருக்கு என்ன செய்தது என்று பாருங்கள்.

காசத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நம் சென்னை உலகத்துக்குச் சொன்ன செய்தி. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். பாதி நோயாளிகளை மருத்துவமனையில் வைத்தும், பாதிப் பேரை அவரவர் வீட்டிலேயே வைத்தும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீடு என்றால் நெருக்கடியான சிறு வீடு, சத்தில்லாத சாப்பாடு. 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள். மருந்து சரியாகச் சாப்பிட்ட நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் ஒட்டவும் இல்லை. ஒதுக்கி வைப்பது தேவையில்லை என்று இங்கே கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டார்கள், அறுபது ஆண்டுகளுக்கு முன்பே.

அப்படி நிரூபித்த ஊரில்தான் 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றும் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் கண்டறிந்தார்கள். ரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, ராத்திரி ரயிலில் வேலூருக்குக் கொண்டு போய்ச் சோதித்தார் நிர்மலா. அதன்பின் வந்த ஆண்டுகளில் எத்தனையோ மருத்துவமனைகள் கதவைச் சாத்தின. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் தாம்பரம் சானடோரியத்துக்கு வந்தார்கள். டாக்டர் தெய்வநாயகமும் அவருடன் பணிபுரிந்தவர்களும் உள்ளே சேர்த்தார்கள். கையில் மருந்து இல்லாத காலம். வெளிநாட்டில் மருந்து இருந்தது; ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001இல் நம் நாட்டு சிப்லா நிறுவனம் அதை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்தை எட்டு மருத்துவமனைகளில் தொடங்கியது. அதில் ஒன்று நம் தாம்பரம். ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள் நடந்து போனார்கள்.

இன்று ஒரே மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதற்குள்ளேயே. 2017 முதல், தொற்று உறுதியானதுமே மருந்து தொடங்கிவிடுகிறார்கள். எதிர்ப்புச் சக்தி குறையட்டும் என்று காத்திருப்பதில்லை. ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி, சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அப்படிக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு மூலமாகக்கூட அடுத்தவருக்குத் தொற்றுவதில்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 2011இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சீக்கிரமே மருந்து தொடங்கியபோது இணையருக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வு நடந்த இடங்களில் சென்னையும் ஒன்று. ஐரோப்பாவில் 2016லும் 2019லும் வெளியான ஆய்வுகளில், கிருமி அப்படி அடங்கியிருந்த ஒருவரிடமிருந்துகூட இணையருக்குத் தொற்று போகவில்லை. ஒருவரிடமிருந்துகூட!

இத்தனையும் ஆன பிறகும் தாழ்ப்பாள் ஏன் இருக்கிறது?

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, இந்தத் தொழிற்பேட்டைப் பக்கத்தில் வேலை செய்கிறவர். ஊரையும் பேரையும் சொல்ல மாட்டேன். மாத்திரை டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் தாளைத் தண்ணீரில் ஊறவைத்து நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவார். மாத்திரை டப்பாவுக்குள் கிலுகிலுவென்று சத்தம் போடும் என்பதால் உள்ளே பஞ்சு திணித்து வைப்பார். ஆறு பேர் தங்கும் அறை. நைட் ஷிப்ட் மாறும் வாரத்தில் மாத்திரை நேரமும் தடுமாறும். இரவு ஒன்பது மணிக்கு லைனில் நின்றுகொண்டு "அஞ்சு நிமிஷம் போயிட்டு வரேன்" என்று சூப்பர்வைசரிடம் கேட்கக் காரணம் சொல்ல வேண்டுமே. கிருமி அவரைப் படுத்தவில்லை, அது அடங்கிக் கிடக்கிறது. பஞ்சுதான் அவரைப் படுத்துகிறது.

அவருடைய தலை நிமிர்ந்தது எப்போது தெரியுமா? தன்னைப்போலத் தொற்றோடு வாழ்கிறவர்களின் சங்கக் கூட்டத்துக்கு முதல் தடவை போனபோது. பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவிட்டு வந்த அம்மாக்கள், ஆட்டோ ஓட்டுகிற அண்ணன்கள், பதினைந்து, இருபது வருஷமாக மருந்து சாப்பிட்டு நரை கண்டவர்கள். நரை கண்டவர்களைப் பார்த்ததுதான் அவருக்குப் பெரிய மருந்து. நமக்கும் நரைக்கும் என்று அன்று புரிந்தது என்றார்.

அந்தச் சங்கங்கள் சும்மா வந்துவிடவில்லை. கணவரிடமிருந்து தொற்றுப் பெற்ற கௌசல்யா என்ற நாமக்கல் பக்கத்துப் பெண், முகத்தை மறைக்காமல் வெளியே வந்து, வேறு சில பெண்களோடு சேர்ந்து 1998இல் சென்னையில் எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்கென்று அமைப்பு தொடங்கினார். கையில் இலவச மருந்து கிடைப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு! சாகப் போகிறவள் என்று ஊரே முடிவு கட்டியிருந்த காலத்தில் அமைப்புக்குப் பெயர் வைத்து, உறுப்பினர் சேர்த்து, அரசாங்கத்தின் முன்னால் போய் உட்கார்ந்து பேசிய துணிச்சல் அது. அந்தத் தாய்மார்களை இந்த மேடையிலிருந்து கைகூப்பி வணங்குகிறேன்.

இந்த ஊருக்கு என்று சிலவற்றைக் கேட்டுவிட்டு இறங்கிக்கொள்கிறேன்.

2017இல் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனை ஆக்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது. ஒருவருடைய நிலையை அவர் அனுமதியில்லாமல் வெளியே சொல்லக் கூடாது. வாடகை வீடு மறுக்கக் கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் புகார் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். மறைமலை நகரில் நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. உங்கள் நிறுவனத்தில் அந்த அலுவலர் யார் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தொழிற்சங்கத் தோழர்கள் இருக்கிறீர்கள், மனிதவளத் துறையில் இருக்கும் அம்மா ஐயாக்களும் இருக்கிறீர்கள். போனஸ் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது இதையும் ஒரு வரி சேருங்கள். கேன்டீன் பக்கத்துப் பலகையில் அந்தப் பெயரைத் தமிழில் எழுதிப் போடச் சொல்லுங்கள். மாத்திரைக்கு ஐந்து நிமிடம் கேட்டால் காரணம் கேட்காமல் விடும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். சுகர்காரருக்கும் அது உதவும், பிரஷர்காரருக்கும் உதவும். யாருக்கு எந்த மாத்திரை என்று யாரும் கணக்குப் பார்க்கத் தேவையிருக்காது.

வீட்டுச் சொந்தக்காரர்களே, நீங்களும் சட்டத்துக்குள்தான் இருக்கிறீர்கள்.

சந்தேகத்தோடு இருப்பவர்களுக்கு: அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று பலகை இருக்கும். பரிசோதனை இலவசம், ஆலோசனை இலவசம், ரகசியம் காக்கப்படும். நேரில் போகத் தயக்கம் என்றால் 1097 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம்.

கூட்டம் முடிந்ததும் நான் உடனே கிளம்பவில்லை, கடைசி ரயில் வரைக்கும் இருக்கிறேன். மைக்கில் கேட்கக் கூச்சமாக இருந்தால் கீழே வந்து கேளுங்கள். எந்தக் கேள்வியாக இருந்தாலும் சரி.