படைவலியும் அறிவுப்பணியும்



படை என்ற மாத்திரத்தில் நம் உள்ளத்தில் தோன்றுவது போரே. ஆயினும், ஒரு குண்டும் எறியாது அறிவுக்குத் தொண்டு புரியும் படையும் உலகில் உண்டு. தென் துருவத்தில் அத்தொண்டு நிகழும் வகையை இன்று சிறிது ஆராய்வோம்.

1911-ஆம் ஆண்டு டிசம்பரில் நார்வே நாட்டு அமுண்ட்சென் தென் துருவத்தை அடைந்தார். அடுத்த மாதம் அங்கே சேர்ந்த ஆங்கிலேயர் ஸ்காட்டும் துணைவர் நால்வரும் திரும்பும் வழியில் மாண்டனர். அதன்பின் 44 ஆண்டுகள் அங்கே மனிதர் அடி படவில்லை. 1956 அக்டோபர் 31-ந் தேதி, சறுக்குக் கட்டைகள் பூட்டிய அமெரிக்கக் கடற்படை விமானமொன்று அவ்விடத்தில் இறங்கிற்று. 49 நிமிஷங்களுக்குள் கட்டைகள் பனியோடு உறைந்து ஒட்டிக்கொண்டன. ராக்கெட்டுகளைக் கொளுத்தி, அவற்றின் உந்துதலாலேயே விமானம் மேலெழுந்தது. அடுத்த மாதமே ஆராய்ச்சி நிலையம் எழுப்பும் பணி தொடங்கிற்று. அதற்கு வேண்டிய பொருள்களை விமானப்படையினர் பாராசூட்டுகளில் கட்டி வானினின்றும் இறக்கினர்.

படை புகுந்தவிடத்துப் பகையும் புகுமே என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆதலின், 1959-ல் பன்னிரண்டு நாடுகள் செய்துகொண்ட அண்டார்க்டிக் உடன்படிக்கையின் முதற்பிரிவு, அங்கே படைத்தளம், போர்ப்பயிற்சி, ஆயுதச் சோதனை ஆகியவற்றை விலக்கிற்று. ஆராய்ச்சிக்காகப் படைவீரரையும் கருவிகளையும் பயன்படுத்துவதை அது தடுக்கவில்லை.

அவ்விதியின் பயனைக் காண்மின். நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராய்வதற்காக, பனிக்குள் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் ஆழம்வரை கருவிகளைப் புதைக்கும் வேலை 2010-ல் முற்றுப்பெற்றது. அக்கருவிகளைத் துருவத்திற்குச் சுமந்து சென்றவை நியூயார்க் விமானக் காவற்படையின் சறுக்கு விமானங்களே.

உயிர் காத்த செய்தியும் ஒன்று உண்டு. அங்கே குளிர்காலத்தில் விமானம் இறங்குதல் மிக அரிது. எரியெண்ணெயும் குளிரால் இறுகும். 1999-ல் நிலையத்து மருத்துவ அம்மையாருக்கு மார்பிற் புற்றுநோய் கண்டது. ஜூலை மாதத்து முழு இருளில், நிலையத்தார் மூட்டிய தீயை அடையாளமாகக் கொண்டு விமானப்படையினர் மருந்துகளை இறக்கினர். அக்டோபரில் காவற்படை விமானம் சென்று அவரை மீட்டு வந்தது.

அன்பர்களே! விமானம் குண்டையும் சுமக்கும், மருந்தையும் சுமக்கும். எதைச் சுமப்பதென்று தீர்மானிப்பது மனிதர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட விதியேயாம். உலகின் ஒரு கோடியில் அவ்விதி நிலைபெறக்கூடுமாயின், பிறவிடங்களிலும் அதற்கு முயலுதல் வீணாகாது. இதனை நம் சிறுவர்க்கும் எடுத்துரைப்போமாக.