குறை சொல்லவும் கேட்கவும் கற்போம்

(பள்ளிப் பரிசளிப்பு நாளன்று பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு நாளில் பாராட்டித்தான் பேசவேண்டும் என்பது வழக்கம். நானோ குறை சொல்வதைப் பற்றிப் பேசப்போகிறேன். தலைமையாசிரியர் பயப்பட வேண்டாம், பள்ளியைக் குறை சொல்லப் போவதில்லை. ஒருவர் செய்த வேலையிலுள்ள குறையை, அவர் மனம் ஒடிந்து போகாமலும் உண்மையை மறைக்காமலும் எப்படிச் சொல்வது? நம்மிடம் ஒருவர் குறை சொன்னால் அதை எப்படிக் கேட்டுக்கொள்வது? இதுதான் என் பேச்சு. இதையெல்லாம் பயிற்சிக் கல்லூரியிலே சொல்லிக் கொடுத்தார்கள். சான்றிதழும் கையில் இருக்கிறது. ஆனாலும் நான் உண்மையாகக் கற்றுக்கொண்டது, பறவைகளையும் விலங்குகளையும் படம் பிடிக்கும் ஒரு சிறு குழுவில்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நான் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, மோட்டாரில் செம்பனைக் காட்டுப் பக்கம் போய்விடுவது உங்களில் பலருக்குத் தெரியும். "வாத்தியாருக்கு வேற வேலை இல்லை" என்று சிலர் சொல்வதும் என் காதில் விழுந்திருக்கிறது. எங்கள் வட்டாரத்தில் என்னைப்போல் பத்துப் பதினொரு பேர் இருக்கிறோம். லாரி ஓட்டுநர் ஒருவர், மருத்துவமனைத் தாதி ஒருவர், செம்பனை ஆலையில் வேலை செய்யும் இளைஞர்கள், பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். மாதம் ஒருமுறை கூடி, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஆளுக்கு மூன்று படங்கள் காட்டுவோம். மற்றவர்கள் கருத்துச் சொல்லவேண்டும்.

ஆரம்பத்தில் எங்கள் கருத்தெல்லாம் இரண்டே வகைதான். ஒன்று, "நல்லா இருக்கு". இன்னொன்று, "சரியில்லே". இரண்டாலும் யாருக்கும் பயனில்லை. நல்லா இருக்கு என்றால் எது நல்லா இருக்கிறது? சரியில்லை என்றால் எதைத் திருத்துவது?

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருமுறை எல்லாரும் கோலசிலாங்கூருக்குப் போயிருந்தோம். அங்கே புக்கிட் மெலாவத்திக் குன்றிலே 'லோத்தோங்' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் சாம்பல் நிறக் குரங்குகள் உண்டு. பெரிய குரங்குகள் சாம்பல் நிறமாக இருந்தாலும், பிறந்த குட்டி மட்டும் ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருக்கும். தாதியம்மா ஒரு தாய்க் குரங்கைக் குட்டியோடு படம் பிடித்திருந்தார். உச்சி வெயில் நேரம். தாயின் முகம் கன்னங்கரேல் என்று விழுந்திருந்தது. "இருட்டா இருக்கு" என்று ஒருவர் சொன்னார். தாதியம்மாவின் முகமும் இருண்டுவிட்டது. பெரியவர் சற்றுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குட்டியோட நிறம் நம்மளைப் பிடிச்சு இழுக்குதும்மா. தாய் அதைப் பிடிச்சிருக்கிற கையும் தெரியுது. கண்ணு மட்டுந்தான் நிழல்ல மறைஞ்சு போச்சு. அடுத்த தடவை காலையில எட்டு மணிக்கே போயிடுங்க. வெளிச்சம் சாய்வா முகத்துல விழும்." இரண்டு பேரும் சொன்ன குறை ஒன்றுதான். ஆனால் இரண்டாமவர் சொன்னதைக் கேட்ட தாதியம்மா உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

பெற்றோர்களே, இனி நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லவேண்டும். மேடையில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆலையில் வேலை செய்யும் ஓர் இளைஞர் புதிதாகச் சேர்ந்தார். கேமராகூட அவருடையதில்லை, மாமாவிடம் இரவல் வாங்கியது. முதல் கூட்டத்திலேயே ஒரு மீன்கொத்திப் படம் கொண்டுவந்தார். அல்லூர்ப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தி, தண்ணீரில் பாயும் நேரத்தில் எடுத்தது. படம் முழுவதும் மங்கல். நான் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன்: "தம்பி, இது மீன்கொத்தியா, கொடியில காயிற நீலத் துணியா? மொதல்ல கேமராவைப் பிடிக்கக் கத்துக்கிட்டு வாங்க." எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

பிறகு பசார் மாலாமில் அவரைப் பார்த்துக் கேட்டேன். "கேமராவை மாமாகிட்டயே குடுத்துட்டேன் சார். நமக்கு அதெல்லாம் வராது" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. "எனக்குக் கணக்கு வராது சார்", "எனக்கு மலாய் வராது சார்" என்று வகுப்பில் எத்தனை பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! அவர்களுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அந்தத் தம்பி விடியற்காலையில் போய், கொசுக்கடியில் நெடுநேரம் காத்திருந்து, மீன்கொத்தி எந்த இடத்தில் பாயும் என்று சரியாகக் கண்டுபிடித்திருந்தார். பறவைப் படத்தில் கடினமான பகுதியே அதுதான். அவர் செய்த பிழை ஒன்றே ஒன்று. கேமரா வினாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடும்படி வைத்திருந்தார். பாய்கிற பறவைக்கு அது போதாது. ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவான நேரமோ வேண்டும். "இடம் அருமை தம்பி, அடுத்த தடவை ஆயிரத்துல வச்சுப் பாருங்க" என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். நான் அதைச் சொல்லாமல், சிரிக்க வைக்கும் வார்த்தையைச் சொன்னேன்.

அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். பெரியவரும் கூட வந்தார். இப்போது அந்தத் தம்பி கூட்டத்திற்கு வருகிறார். பின்வரிசையில் உட்காருகிறார். இன்னும் படம் எதுவும் காட்டவில்லை.

இது நான் குறை சொன்ன கதை. குறை கேட்ட கதையும் உண்டு.

நம் ஆற்றோரத்தில் ஒரு பழைய மரம். அதன் பொந்திலே இருவாட்சி கூடு வைத்திருந்தது. மலாய்க்காரர்கள் 'எங்காங்' என்பார்கள். மலேசியாவில் 10 வகை இருவாட்சிகள் உண்டு. தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. இந்தப் பறவையின் குடும்ப வாழ்க்கை அதிசயமானது. பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு வாசலை அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு சந்து மட்டும் இருக்கும். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து வளரும் வாரக்கணக்கான காலத்தில், ஆண் பறவைதான் பழமும் பூச்சியும் கொண்டுவந்து அந்தச் சந்து வழியாக ஊட்டவேண்டும்.

நான் மரத்தடிக்குப் பக்கத்திலேயே நின்று, ஆண் பறவை கிளையில் உட்கார்ந்திருப்பதைப் படம் பிடித்தேன். அலகில் சிவப்புப் பழம். கண் கூர்மையாக விழுந்திருந்தது. பின்னணியில் பச்சை. என் வாழ்நாளிலேயே சிறந்த படம் என்று நினைத்துக்கொண்டு கூட்டத்தில் காட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். பெரியவர் மட்டும் தட்டவில்லை.

"வாத்தியாரே, படம் சுத்தமா இருக்கு. இறகை ஒண்ணொண்ணா எண்ணலாம். ஒரு சந்தேகம். வாயில பழத்தை வச்சுக்கிட்டு அது ஏன் பொந்தைப் பார்க்காம உங்களைப் பார்க்குது?"

எனக்குப் பதில் வரவில்லை.

"எவ்வளவு நேரம் அங்க இருந்தீங்க?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"அந்த ஒரு மணி நேரமும் உள்ள இருந்த தாய்க்கு யாரு சாப்பாடு குடுத்தா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் மனிதர், பயிற்சி பெற்ற ஆசிரியனுக்குச் சொல்வதா? அந்தப் பறவையைப் பற்றி நான் படித்ததையெல்லாம் எடுத்து அளந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமினேன். அவர் சோற்றைப் போட்டுக்கொண்டே, "அவரு சொன்னது பொய்யா?" என்று கேட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் போனேன். இந்தத் தடவை அக்கரையில், புதருக்குப் பின்னால், எழுபது எண்பது அடி தூரத்தில் உட்கார்ந்தேன். சிறிது நேரத்திலேயே ஆண் பறவை வந்தது. நேரே பொந்துக்குப் போய், தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்து உள்ளே கொடுத்தது. சந்தின் வழியாகப் பெண் பறவையின் அலகு நுனி தெரிந்தது. பெரியவர் சொன்னது சரி. முன்பு என் படத்தில் அந்தப் பறவை அழகுக்காக உட்கார்ந்திருக்கவில்லை. எனக்குப் பயந்து, குடும்பத்துக்குச் சோறு கொடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது படத்தில் பறவை சிறியதாகத்தான் தெரிகிறது. அதையும் கூட்டத்தில் காட்டி, நடந்ததையும் சொன்னேன். முதல் படத்தை இனி எங்கும் காட்டுவதில்லை என்றும் முடிவு செய்தேன்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சம்பந்தப்பட்ட உலகப் புகழ்பெற்ற வனவிலங்குப் படப் போட்டி ஒன்று உண்டு. 2009இல் அதில் முதல் பரிசு பெற்றது, ஓர் ஓநாய் வேலியைத் தாண்டிக் குதிக்கும் படம். அது காட்டு ஓநாயல்ல, பழக்கப்பட்ட ஓநாய் என்று சந்தேகம் எழுந்தது. எடுத்தவர் மறுத்தார். நடுவர்கள் விசாரித்து, 2010 ஜனவரியில் பரிசை விலக்கிக்கொண்டார்கள். ஆகவே படம் அழகா என்று மட்டும் கேட்டால் போதாது. அது எப்படிக் கிடைத்தது என்றும் கேட்கவேண்டும். பிள்ளையின் மார்க்குக்கும் இது பொருந்தும் அல்லவா?

இப்படிப் பட்டுத் தெரிந்த பிறகு எங்கள் குழுவில் சில வழக்கங்களை வைத்துக்கொண்டோம்.

முதலாவது, படத்தைப் பார்த்தவுடன் யாரும் வாயைத் திறப்பதில்லை. சற்றுநேரம் பார்த்து, என்ன கண்டோம் என்பதைத்தான் முதலில் சொல்வோம்.

இரண்டாவது, எடுத்தவரைக் கேட்போம்: "நீங்க என்ன காட்ட நினைச்சீங்க? எவ்வளவு தூரத்துல இருந்தீங்க?"

மூன்றாவது, படத்தைப் பற்றித்தான் பேச்சு. ஆளைப் பற்றிப் பேசக்கூடாது.

நான்காவது, பத்துக் குறை தெரிந்தாலும், அடுத்த தடவை செய்யக்கூடிய ஒரே ஒரு திருத்தத்தைச் சொல்லவேண்டும்.

ஐந்தாவது, ஓர் உயிருக்குத் தொல்லை கொடுத்து எடுத்த படம் என்றால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும். அங்கே மனம் நோகுமே என்று பார்ப்பது தவறான இரக்கம்.

கேட்பவருக்கும் வழக்கம் உண்டு. நடுவில் புகுந்து விளக்கம் சொல்லக்கூடாது. கேட்டு, எழுதிக்கொண்டு, நன்றி சொல்லவேண்டும். ஒருமுறை செய்து பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளலாம், விட்டும் விடலாம். லாரி ஓட்டுநர் அந்தி நேரத்தில் கொக்கு ஒன்றைக் கறுப்பு உருவமாக எடுத்திருந்தார். வெளிச்சம் கூட்டும்படி எல்லாரும் சொன்னோம். கூட்டியும் எடுத்துப் பார்த்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கறுப்பு உருவமே சிறப்பாக இருந்தது. ஆகவே குறை சொல்பவர் சொல்வதெல்லாம் வேதவாக்கல்ல.

பெரியவர் ஒருநாள் தம் தொழிலை வைத்தே இதைச் சொன்னார்: "பால் வெட்டுறப்போ கத்தி பட்டையோட நிக்கணும் வாத்தியாரே. மேலாப்பல வெட்டுனா பால் வராது. ஆழமா இறங்கி மரத்தைத் தொட்டா காயம். அப்புறம் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாத்தான் வளரும்." நம்மில் பலருடைய சொல் ஒன்று மேலாப்பல நிற்கிறது, இல்லையென்றால் மரத்தைத் தொட்டுவிடுகிறது.

வள்ளுவரும் இரண்டையும் சொல்லியிருக்கிறார். இனிமையாகப் பேசுவதற்கு 'இனியவை கூறல்' என்று ஓர் அதிகாரம் வைத்தார். 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில், தவற்றை இடித்துச் சொல்பவர் துணையாக இருக்கவேண்டும் என்றும் சொன்னார்.

தோட்ட வேலையிலேயே இது உண்டு. குலை வெட்டப் புதிதாக வந்தவன் பழுக்காத குலையை வெட்டிவிட்டால், ஒரு மண்டோர் வாய்க்கு வந்தபடி திட்டுவார். இன்னொருவர், "தரையில உதிர்ந்த பழம் கிடக்குதான்னு பார்த்துட்டு வெட்டுப்பா" என்பார். யாரிடம் வேலை கற்றீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வை எடுத்துவிட்டார்கள். அதனால் வகுப்பில் ஆசிரியர் பிள்ளையைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்கு எடை கூடிவிட்டது. நோட்டில் சிவப்பு மையால் 'கவனக்குறைவு' என்று எழுதுவதை நான் நிறுத்திக்கொண்டேன். எந்த வரியில் பிழை, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று எழுதுகிறேன். நேரம் அதிகம் பிடிக்கிறது. பரவாயில்லை.

பெற்றோர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் நோட்டைப் புரட்டுங்கள். படிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாரு" என்று சொல்லாமல், "இதுல உனக்கு எது நல்லா வந்துச்சு? எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். அதற்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகளே, ஆசிரியர் பிழை காட்டினால் முகத்தைத் திருப்பாதீர்கள். ஒருமுறை செய்து பாருங்கள். ஆசிரியர் கரும்பலகையில் தவறாக எழுதினால், கையைத் தூக்கி மரியாதையாகச் சொல்லுங்கள். நான் கோபித்துக்கொண்டால், இருவாட்சியை ஞாபகப்படுத்துங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் பின்வரிசைத் தம்பி ஒரு படம் காட்டுவார் என்ற நம்பிக்கையோடு இருக்கிறேன். அது மங்கலாக இருந்தாலும், என்ன சொல்லவேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

என் பேச்சில் குறை இருந்தால் விழா முடிந்ததும் வந்து சொல்லுங்கள். நோட்டும் பேனாவும் சட்டைப்பையில் இருக்கின்றன.